தியென் மு விகாரையின் தோற்றக் கதை பற்றி ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வியட்நாமின் பழைய தலைநகரான ஹுயே குறித்து அண்மையில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். தென்கிழக்கு ஆசியா என்றாலே கடைவீதிகளையும் கடற்கரை விடுதிகளையும் பற்றியே நம் பத்திரிகைகள் எழுதிவரும் நிலையில், நறுமண ஆற்றின் கரையில் நிற்கும் ஒரு பௌத்த விகாரைக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியமைக்கு நன்றி. எனினும், அந்தத் தியென் மு விகாரை தோன்றிய விதத்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருக்கும் பத்தி வாசகர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும் என்று தோன்றியதால், சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

1601-ஆம் ஆண்டில் வானுலக மூதாட்டி ஒருத்தி நுயென் ஹுவாங் என்ற ஆளுநருக்குக் காட்சி தந்து ஆணையிட்டதாகவும், அதனால் அதுவரை வெறும் புதராகக் கிடந்த குன்றின் மேல் அவர் இவ்விகாரையைக் கட்டியதாகவும் கட்டுரை சொல்கிறது. சில வரிகள் தள்ளி, இதெல்லாம் அக்கால மக்களின் மூடநம்பிக்கை என்று அதே கதையைத் தள்ளியும் விடுகிறது. முதலில் வரலாறாக ஏற்றுக்கொண்டு, அடுத்த மூச்சில் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டால், அந்தக் கதை யாருக்காக, எந்த நேரத்தில், எதற்காகச் சொல்லப்பட்டது என்று கேட்கவே இடமில்லாமல் போகிறது. தியென் மு விகாரையின் பழங்காலத்தைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டுமானால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கதையை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டுரையில் அதன் முக்கியமான பாதி விடுபட்டிருக்கிறது. ஹுயே கோட்டைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் வடகரையில், சமவெளியிலிருந்து திடீரென எழும் சிறு குன்றுக்கு ஹா கே என்று பெயர். டிராகன் ஒன்று தலையைத் திருப்பித் தான் வந்த மலையைப் பார்ப்பது போன்ற தோற்றம் அதற்கு உண்டு என்பார்கள். இரவு நேரத்தில் சிவப்பு மேலாடையும் பச்சைக் காற்சட்டையும் அணிந்த ஒரு மூதாட்டி அக்குன்றின் மேல் வந்து அமர்வதை ஊரார் கண்டார்கள். சீனத்துத் தாங் பேரரசின் தளபதியான காவ் பியென் முற்காலத்தில் இந்த மண்ணின் வலிமைக்கு அஞ்சி, குன்றின் அடியில் பள்ளம் வெட்டி, உள்ளே ஓடும் டிராகன் நரம்பைத் துண்டித்துவிட்டான் என்றும், உண்மையான தலைவன் ஒருவன் வருவான், அவன் இங்கே கோயில் எழுப்பிச் சிதறிய ஆற்றலைத் திரட்டித் தென்னாட்டை நிலைபெறச் செய்வான் என்றும் சொல்லிவிட்டு அவள் மறைந்துபோனாள். பின்னர் அவ்வழியே வந்த நுயென் ஹுவாங், ஊரார் சொல்ல இதைக் கேட்டு மகிழ்ந்து, அங்கே விகாரையைக் கட்டி, வானுலக மூதாட்டியைக் குறிக்கும் தியென் மு என்ற பெயரைச் சூட்டினார். அவள் அவர் கையில் ஓர் ஊதுவத்தியைக் கொடுத்து, ஆற்றோரமாகக் கிழக்கே நடக்கச் சொல்லி, அது எரிந்து முடியும் இடத்தில் தலைநகரை அமைக்கச் சொன்னாள் என்று வேறொரு வடிவமும் வழங்குகிறது. அது தலைநகருக்குப் பிற்காலத்தில் கிடைத்த பெருமையைப் பழைய கதையோடு ஒட்டவைத்ததாகவே எனக்குப் படுகிறது.

முன்னதாக நான் சொன்ன வடிவத்தில், மூதாட்டி நுயென் ஹுவாங்கின் கண்ணில் படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அவளைக் கண்டதும் அவள் சொல்லைக் கேட்டதும் ஊர்மக்கள்தாம். ஆளுநர் அதைச் செவிவழியாக அறிகிறார். கட்டுரையாளர் இதை நேரடிக் காட்சியாக மாற்றியதில் ஒரு சிறு நுட்பம் தொலைந்துவிட்டது. வேற்றிடத்திலிருந்து ஆள வந்தவருக்கு அந்த மண்ணின் மக்களே, தங்கள் தெய்வத்தின் பெயரால், வரவேற்புக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இக்கதையின் உயிர்நாடி.

அந்த வரவேற்பு அப்போது அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை ஆண்டுகளே சொல்லும். நுயென் ஹுவாங்கின் தந்தை நுயென் கிம், லே அரச மரபை மீண்டும் அரியணையேற்றப் போராடிய படைத்தலைவர். அவர் 1545-இல் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டபோது அதிகாரம் மகன்களிடம் வரவில்லை. மருமகனான திரின் கியெம்மின் கைக்குப் போயிற்று. மூத்த மகன் கொல்லப்பட்டார். இளையவரான ஹுவாங் தன் தலையும் நிலைக்காது என்று கண்டு, தமக்கையின் மூலமாக மைத்துனரிடம் சொல்லச் செய்து, யாரும் விரும்பாத தெற்கு எல்லையான துவான் ஹோவாவுக்கு ஆளுநராகப் போக அனுமதி பெற்றார். அது நடந்தது 1558-இல். ஹுவான் சோன் மலைத்தொடருக்கு அப்பால் போனால் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நுயென் பின் கியெம் என்ற புகழ்பெற்ற அறிஞர் அவருக்குக் குறிப்பாக உணர்த்தினார் என்பது இந்தக் கட்டத்துக்கு உரிய கதை.

35 ஆண்டுகள் கழித்து, 1593-இல், முன்பு லே அரியணையைப் பறித்திருந்த மாக் மரபினருக்கு எதிரான போரில் உதவுவதற்காக ஹுவாங் வடக்கே சென்றார். அங்கேயே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் திரின் குடும்பத்தாரின் கண்காணிப்பில் இருக்க வேண்டியதாயிற்று. 1600-இல், கலகம் ஒன்றை அடக்கப் போவதாகக் காரணம் காட்டிக் கப்பலேறித் தெற்கே வந்து சேர்ந்தவர் அதன் பிறகு வடக்கே திரும்பவே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஹா கே குன்றின் மேல் விகாரை எழுகிறது. பெயரளவில் அவர் இன்னமும் லே மன்னரின் ஊழியர். தன்னை அரசன் என்று அறிவித்துக்கொண்டால் அது துரோகம். உண்மையான தலைவன் வருவான் என்பதை அவர் தன் வாயால் சொல்லியிருக்க முடியாது. அரசன் வாயால் சொல்ல முடியாததை அசரீரி சொல்வது எல்லா நாட்டுத் தலபுராணங்களிலும் உள்ள வழக்கம்தானே! 1558-இல் ஓர் அறிஞர், 1601-இல் ஒரு மூதாட்டி: இந்தக் குடும்பம் துணிந்து ஓர் அடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும், அந்த அடியை எடுக்கச் சொல்லும் குரல் வேறொருவருடையதாக இருக்கிறது.

இனி, குன்று வெறும் புதராகக் கிடந்தது என்ற கூற்றுக்கு வருகிறேன். இதுதான் கட்டுரையின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். துவோங் வான் ஆன் என்ற அறிஞர் 1550-களில் தொகுத்த, இந்தப் பகுதியைப் பற்றிய நிலநூலில், தியென் மு என்ற கோயில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நூல் எழுதப்பட்டபோது நுயென் ஹுவாங் தெற்கே கால்வைத்திருக்கவே இல்லை. பெயருக்கு விளக்கமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி நடப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பெயர் ஏட்டில் இருந்தது என்றால், ஆளுநர் புதிதாகப் பெயர் சூட்டினார் என்பது நிற்காது. இருந்த கோயிலை எடுத்துக் கட்டி, இருந்த பெயரைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று சொல்வதே பொருந்தும். 1601 என்பது விகாரை நுயென் மரபோடு இணைந்த ஆண்டே தவிர, அந்தக் குன்றில் வழிபாடு தொடங்கிய ஆண்டு அன்று.

அப்படியானால் அந்த மூதாட்டி யார்? ஹுயே பகுதி 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வியட்நாமியரின் நாடாக இருக்கவில்லை. அது சாம் மக்களின் சம்பா அரசுக்கு உட்பட்டது. 1306-இல் சம்பா மன்னன் மூன்றாம் ஜெயசிம்மவர்மன், வியட்நாமிய இளவரசி ஹுயென் சானை மணப்பதற்காக ஓ, லி என்ற இரு மாவட்டங்களைச் சீராகக் கொடுத்தான். அந்த நிலத்தில் வந்து குடியேறிய வியட்நாமிய உழவர்கள், அங்கே முன்பிருந்தே கோயில் கொண்டிருந்த சாம் தெய்வங்களைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. வேறு பெயரும் வேறு உடையும் கொடுத்துக் கும்பிட்டார்கள். சாம் மக்களின் பெருந்தெய்வம் போ நகர் அம்மை. ஞா சாங் நகரில் உள்ள அவளுடைய கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் அவள் பெயர் பகவதி. தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவளே வியட்நாமியரிடம் தியென் யி ஆ ந என்ற வானுலக அன்னையாக மாறினாள். ஹா கே குன்றின் மூதாட்டியும் இந்த அன்னையின் சாயலே என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இது ஊகம்தான், ஆயினும் கண்ணெதிரே இருக்கும் துணைச் சான்று ஒன்று அதற்கு வலுவூட்டுகிறது. அதே ஆற்றில் இன்னும் மேலே படகில் போனால், செங்குத்தான பாறைச் சரிவில் ஹோன் சென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் தியென் யி ஆ ந வழிபடப்படுகிறாள், சந்திர நாட்காட்டியின் மூன்றாம், ஏழாம் மாதங்களில் அவளுக்குப் படகு ஊர்வலத்தோடு திருவிழா நடக்கிறது. ஒரே ஆற்றங்கரையில் ஓர் அன்னை தன் கோயிலை இழக்காமல் இருக்கிறாள். இன்னொருத்தி புத்தருக்கு இடம் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறாள்.

காவ் பியென் பள்ளம் வெட்டிய செய்தியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். காவ் பியென் வரலாற்று மனிதர். 860-களில், சீனத்தின் தென்மேற்கில் இருந்த நான்சாவ் அரசின் படைகளை முறியடித்து, இன்றைய ஹனோய் இருக்கும் இடத்தில் கோட்டையை வலுப்படுத்தியவர். நிலத்தின் நரம்புகளை அறிந்து அவற்றை வெட்டிச் செல்லும் மந்திரவாதியாக வியட்நாமிய நாட்டுப்புறக் கதைகள் அவரைப் பலவாறு வருணிக்கின்றன. (நம்மூர்க் கடைகளில் மூங்கில் செடியும் சிரிக்கும் புத்தர் பொம்மையுமாக விற்கப்படும் ஃபெங் சுயி, அந்நாட்டில் அரசுகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சாத்திரமாக மதிக்கப்பட்டது.) ஆனால் 9-ஆம் நூற்றாண்டில் ஹுயே பகுதி சம்பாவின் கீழ் இருந்தது, தாங் பேரரசின் ஆளுகை ஹுவான் சோன் மலைத்தொடருக்கு வடக்கிலேயே நின்றுவிட்டது. ஆகவே காவ் பியென் இந்தக் குன்றின் அடியில் மண்வெட்டியோடு நின்றார் என்பதை நம்ப இடமில்லை. வடக்கிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் பழைய ஊர்க் கதையையும் கூடவே கொண்டுவந்து, புது ஊரின் குன்றில் நட்டிருக்கிறார்கள். இப்படிப் பார்த்தால் இந்தத் தோற்றக் கதையில் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. சாம் நாட்டு அன்னை அடியில் இருக்கிறாள், குடியேறியவர்களின் காவ் பியென் நடுவில் இருக்கிறார், வரப்போகும் தலைவன் என்ற அரசியல் மேலே இருக்கிறது. காவ் பியெனை நீக்கிவிட்டால் நடு அடுக்கே காணாமல் போகிறது.

இக்கதையை நிலைநிறுத்தியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நுயென் ஹுவாங் 1613-இல் இறந்தார். அவர் வழிவந்தவர்கள் 1627 முதல் 1672 வரை திரின் குடும்பத்தாரோடு போரிட்டுத் தெற்கைக் காத்துக்கொண்டார்கள். நெடுங்காலத்துக்குப் பின், 1802-இல், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜியா லோங் நாடு முழுவதற்கும் பேரரசரானார். அவருடைய மரபினர் தங்கள் முன்னோர் வரலாற்றை அரசவை அறிஞர்களைக் கொண்டு எழுதுவித்தார்கள்; நுயென் ஹுவாங்கின் காலத்தைக் கூறும் பகுதி 1844-இல் நிறைவுற்றது, மூதாட்டியின் கதையும் அதில் முறையாக இடம்பெற்றது. அதே 1844-இல்தான் பேரரசர் தியெவ் சி, தம் பாட்டியாரின் எண்பதாம் அகவையைச் சிறப்பிக்கும் வகையில், விகாரையின் முகப்பில் ஏழடுக்குக் கோபுரத்தை எழுப்பினார். ஏட்டில் கதையும் மண்ணில் கோபுரமும் ஒரே ஆண்டில் முடிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் தன் தொடக்கத்துக்கு எழுப்பிக்கொண்ட நினைவுச் சின்னங்கள் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் தங்கள் படக்குறிப்பைச் சுட்ட வேண்டியிருக்கிறது. '400 ஆண்டுப் பழமையான கோபுரம்' என்று அதில் அச்சாகியிருக்கிறது. எட்டுப் பட்டை கொண்ட, ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள, ஃபுவோக் துயென் என்ற அந்தச் செங்கற் கோபுரத்துக்கு வயது 200 கூட ஆகவில்லை. விகாரையில் உண்மையாகவே பழமையானவற்றைக் காண விரும்புவோர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விடாமல், அதன் இரு பக்கங்களிலும் உள்ள அறுகோண மண்டபங்களுக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். ஒன்றில் நுயென் ஃபுக் சூ என்ற ஆட்சித் தலைவர் 1710-இல் வார்ப்பித்த, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, இரண்டரை மீட்டர் உயரமுள்ள மணி தொங்குகிறது. மற்றொன்றில் அவரே 1715-இல் எழுதி நாட்டிய கல்வெட்டு, பளிங்கு ஆமை ஒன்றின் முதுகின் மேல் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சென்றிருந்தபோது, டிராகன் முகப்புப் படகுகளில் வந்து இறங்கிய கூட்டம் முழுவதும் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, ஆமை இருந்த மண்டபத்தில் ஓர் ஆளும் இல்லை. கழுத்தை முன்னே நீட்டியபடி, தன் முதுகில் நிற்கும் ஆளுயரத்துக்கும் மேலான கல்லைப் பொருட்படுத்தாதது போல அது படுத்திருக்கிறது. சீன எழுத்துகள் நெருக்கமாகப் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லில், விகாரையில் நுயென் ஃபுக் சூ எழுப்பிய கட்டடங்களின் வரலாறும், புத்த நெறியின் புகழும், 1695-இல் சீனாவிலிருந்து அழைக்கப்பட்டு வந்து தங்கிச் சென்ற தா ஷான் என்ற துறவியைப் பற்றிய பாராட்டும் இருக்கின்றன.

இக்கதையை அரசர்கள் வெறும் அலங்காரமாகக் கருதவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தியெவ் சியின் மகன் பேரரசர் து டுக்குக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பெயரில் வானத்தை வைத்துக்கொண்டிருப்பது வானத்தையே அவமதிப்பதாகும், தம் குறைக்கு அதுவும் காரணமாக இருக்கக்கூடும் என்று அஞ்சி, 1862-இல் அவர் தியென் மு என்பதை லின் மு என்று மாற்ற ஆணையிட்டார். தெற்கின் மூன்று மாகாணங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தமும் அதே ஆண்டில்தான் கையெழுத்தானது; வானம் தம் மேல் சினந்திருக்கிறது என்று நினைக்க அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1869-இல் பழைய பெயருக்கே திரும்ப இசைவளித்தார், பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. ஹுயே மக்களிடையே இன்றும் இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. குன்றில் ஒரு கிழவி அமர்ந்திருந்தாள் என்பதை நம்பாத நாம் எளிதாகச் சிரித்துவிடலாம். ஆனால் ஒரு பேரரசர் அவள் பெயரை எடுத்துவிட்டு ஏழாண்டு காத்திருந்தார் என்பது நடந்த செய்தி.

இவ்விகாரைக்குக் காதலர்கள் சேர்ந்து போனால் பிரிந்துவிடுவார்கள் என்று கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருப்பது, அங்கே படகோட்டிகளும் வழிகாட்டிகளும் சிரித்துக்கொண்டே சொல்லும் பிற்காலப் பேச்சு. மூதாட்டியின் கதைக்கு நிகரான இடத்தில் அதை வைத்திருக்க வேண்டியதில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று சைகோன் நகரத் தெருவில் தீக்குளித்த துறவி திக் குவாங் டுக் சென்ற நீல நிற ஆஸ்டின் கார் விகாரையின் பின்கட்டில் வைக்கப்பட்டிருப்பது பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் தோற்றக் கதையைச் சொல்லும் பத்தியை அதற்காகச் சுருக்கியிருக்க வேண்டாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறன்று வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு சிறு திருத்தக் குறிப்பை வெளியிட வேண்டுகிறேன். கோபுரம் 1844-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதும், 1601-க்கு முன்பே அக்குன்றில் தியென் மு என்ற பெயரோடு ஒரு கோயில் இருந்தது என்பதும் அதில் இடம்பெற்றால் போதும். இயலுமாயின், ஹோன் சென் கோயிலின் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். ஹுயே செல்லும் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோர் தியென் முவோடு படகைத் திருப்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று மேலே போனால் பகவதியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.